இளைஞர் சஞ்சிகையும் சமூக மாற்றமும்: சீனத்துப் 'புதிய இளைஞர்' (1915–1926) பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

I

சஞ்சிகைகளின் வரலாறு நம்மிடையே பெரும்பாலும் எழுத்தாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த இதழில் எவரது முதற் சிறுகதை வெளிவந்தது, எந்தப் பத்திராதிபர் எவரை ஊக்குவித்தார் என்பன விரிவாகப் பதிவுசெய்யப்பட்டுள்ளன. ஆயின் அச்சஞ்சிகை எவ்வாறு திட்டமிடப்பட்டது, யாருடைய பணத்தில் அச்சாயிற்று, எத்தனை பிரதிகள் விற்பனையாயின, அதன் அட்டையையும் பகுதிகளையும் மொழிநடையையும் தீர்மானித்த காரணிகள் யாவை ஆகிய வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. கருத்தொன்று சமூக சக்தியாக மாறவேண்டுமாயின் அது வாசகரைச் சென்றடைதல் வேண்டும். சென்றடையும் வழியோ மூலதனம், அச்சுக்கூடம், புத்தகசாலை, கல்விகற்ற வாசகர் குழாம் என்பவற்றினால் வரையறுக்கப்படுவது. எனவே ஒரு சஞ்சிகையின் ஆக்கமுறையை ஆராய்வது அதன் கருத்துநிலையை ஆராய்வதன் ஓர் அங்கமே எனலாம்.

இந்நோக்குக்கு மிகப் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டு, 1915 செப்டெம்பர் 15 ஆந் திகதி சீனாவின் சங்காய் நகரில் தோன்றிய 'சின் சிங்நியன்' என்னும் 'புதிய இளைஞர்' ஆகும். மே நான்காம் நாள் இயக்கத்தின் கருத்துப் பாசறை எனவும், நவீன சீன இலக்கியத்தின் பிறப்பிடம் எனவும் இது போற்றப்படுவது யாவரும் அறிந்ததே. அப்பெருமையை இது எவ்வாறு ஈட்டிக்கொண்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

II

1905 இல் சீனத்தில் அரசாங்க உத்தியோகத் தேர்வு முறை ஒழிக்கப்பட்டது. பல நூற்றாண்டுகளாகப் பழைய சாத்திரங்களை மனனஞ் செய்து பதவி பெற்றுவந்த கற்றோர் வகுப்பின் எதிர்காலம் இதனால் நிச்சயமற்றதாயிற்று. புதிய பாடசாலைகளிலும் யப்பானிலும் கல்விகற்ற ஒரு தலைமுறை உருவாயிற்று. 1911 இன் புரட்சி முடியாட்சியை வீழ்த்திய போதிலும், நிலமானிய உறவுகளையும் அவற்றைத் தாங்கிநின்ற கொன்பூசியக் குடும்ப ஒழுக்கத்தையும் அது தொடவில்லை. 1915 சனவரியில் யப்பான் இருபத்தொரு கோரிக்கைகளை முன்வைத்தது. அதே ஆண்டின் இறுதியில் யுவான் ஷிகாய் தன்னைச் சக்கரவர்த்தியாகப் பிரகடனஞ் செய்ய முற்பட்டான். அரசியல் மாற்றம் மட்டும் போதாது, சிந்தனை முறையே மாறவேண்டும் என்ற முடிவுக்குப் பலரை இட்டுச்சென்றவை இச்சம்பவங்களே.

அத்தகையோருள் ஒருவர் சென் துசியூ. முப்பத்தைந்து வயது கடந்திருந்த அவர் சஞ்சிகைத் தொழிலுக்குப் புதியவர் அல்லர். 1904 இல் தமது அன்குய் மாகாணத்தில் பேச்சுமொழியில் அமைந்த செய்தித்தாள் ஒன்றை நடத்தியவர். பின்னர் யப்பானில் 'சியாயின்' என்ற அரசியல் சஞ்சிகையின் ஆசிரியப் பணியில் துணைநின்றவர். எட்டுப் பத்து ஆண்டுகள் ஒரு சஞ்சிகையை நடத்தினால் நாட்டின் சிந்தனையையே மாற்றிவிடலாம் என அவர் நம்பினார். இது மிகையான நம்பிக்கையாகத் தோன்றலாம். எனினும், ஓரிரு இதழ்களோடு ஓய்ந்துவிடும் ஆர்வமாக அன்றி, பத்தாண்டு கால வேலையாகச் சஞ்சிகையை அவர் கருதியமை மனங்கொள்ளத்தக்கது.

III

சென் துசியூவிடம் பணம் இருக்கவில்லை. நீண்டகால நண்பரான புத்தக வெளியீட்டாளர் வாங் மெங்சூவை அவர் முதலில் அணுகினார். தமது நிறுவனத்தால் இச்சுமையைத் தாங்க இயலாதென உணர்ந்த வாங், 'சுன்யி' புத்தகசாலையை நடத்திய சென் சகோதரர்களிடம் அவரை அறிமுகஞ் செய்தார். அச்சு, விநியோகம் என்பன புத்தகசாலையின் பொறுப்பு. ஆசிரியச் செலவுக்கும் கட்டுரையாளர் சன்மானத்துக்குமாக இதழொன்றுக்கு 200 யுவான் வழங்கப்படும் என்பதே ஏற்பாடு. தொடக்கத்தில் அச்சிடப்பட்டவை ஏறத்தாழ 1,000 பிரதிகளே. பிற்காலத்தில் இத்தொகை 15,000 தொடக்கம் 16,000 வரை உயர்ந்ததென வெளியீட்டுத் துறையினர் நினைவுகூர்ந்துள்ளனர்.

இவ்விரு எண்ணிக்கைகளுக்குமிடையே தோல்வியின் வரலாறொன்றும் உண்டு. மூன்றாந் தொகுதி முடிவுற்ற 1917 ஓகஸ்டில், விற்பனை போதாமையினால் வெளியீட்டாளர் சஞ்சிகையை நிறுத்திவிட எண்ணினர். நீண்ட பேச்சுவார்த்தையின் பின்னரே 1918 சனவரியில் அது மீண்டும் வெளிவந்தது. ஆக, இன்று பாடநூல்களில் இடம்பெறும் இச்சஞ்சிகை அதன் மூன்றாம் ஆண்டிலேயே மறைந்துபோயிருக்கக் கூடும். அதனைக் காத்தது, சென் துசியூ 1917 சனவரியில் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடாதிபதியாக நியமனம் பெற்றமையால் விளைந்த புதிய நிலைமை. அவரை அழைத்த துணைவேந்தர் கையி யுவான்பெய், பல்வேறு கருத்துடையோரையும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒன்றுசேர்த்தவர். அவரது ஆதரவில் அங்கு திரண்ட அறிஞர்களே சஞ்சிகையின் எழுத்தாளராயினர். 1918 இல், எழுத்தும் மொழிபெயர்ப்பும் ஆசிரியக் குழுவினராலேயே செய்யப்படும், வெளியாரிடம் விலைக்கு வாங்கப்படமாட்டா என அறிவிக்கப்பட்டது. சன்மானத்தில் தங்கியிருந்த சஞ்சிகை, பல்கலைக்கழகச் சம்பளத்தில் வாழ்ந்தோரின் கூட்டுழைப்பில் தங்கியதாக மாறிற்று. அதன் சுதந்திரத்துக்கும், பின்னர் நேர்ந்த பிளவுக்கும் இம்மாற்றமே அடிப்படையாயிற்று.

IV

முதலாந் தொகுதியின் பெயர் 'இளைஞர் சஞ்சிகை' என்பதே. அட்டையின் மேற்பகுதியில் வரிசையாக அமர்ந்திருக்கும் மாணவர் படமும், 'லா ஜெனெஸ்' என்ற பிரெஞ்சுப் பெயரும், நடுவில் ஒரு பிரமுகரின் உருவப்படமும் இடம்பெற்றன. பிரெஞ்சுப் பெயர் அழகுக்காக மட்டும் இடப்பட்டதன்று. 1789 இன் புரட்சியைப் பெற்ற நாகரிகமே நவீனத்துவத்தின் ஊற்று எனச் சென் அக்காலத்தில் கொண்டிருந்த கருத்தின் சின்னம் அது. முதலிதழின் அட்டையை அலங்கரித்தவர் அமெரிக்க உருக்குத் தொழில் முதலாளி அன்ட்ரூ கார்ணெகி. பின்னைய இதழ்களில் துர்கெனேவ், தோல்ஸ்தோய் முதலியோர் இடம்பெற்றனர். சொந்த முயற்சியால் உயர்ந்த தனிமனிதனே இளைஞனுக்கு முன்மாதிரி என்னும் பூர்ஷுவாக் கருத்துநிலை இத்தெரிவில் வெளிப்படுதல் காணலாம். முதலிதழில் சென் எழுதிய 'இளைஞருக்கு வேண்டுகோள்' என்ற கட்டுரையும் சுதந்திரம், முன்னேற்றம், துணிந்து செயற்படல், உலகநோக்கு, பயன்பாடு, விஞ்ஞானம் என்னும் ஆறு பண்புகளையே வற்புறுத்திற்று. அவற்றுள் உழைப்பாளர் என்ற சொல்லுக்கு இடமிருக்கவில்லை.

சங்காய்க் கிறிஸ்தவ வாலிபர் சங்கம் ஏற்கெனவே 'இளைஞர்' என்ற பெயர்கொண்ட ஓர் இதழை வெளியிட்டுவந்தது. அதன் ஆட்சேபத்தின் விளைவாக 1916 செப்டெம்பரில் இரண்டாந் தொகுதி 'புதிய இளைஞர்' என்னும் பெயருடன் வெளிவந்தது. தற்செயலான ஒரு தகராறு பொருள்பொதிந்த பெயரொன்றை ஈந்தது. வயதால் இளைஞராயிருப்போர் யாவரும் புதிய இளைஞராகார் எனச் சென் அவ்விதழில் விளக்கினார். அட்டையிலிருந்து உருவப்படங்கள் நீக்கப்பட்டன. வெளித்தோற்றத்தில் எளிமையும் உள்ளடக்கத்தில் கூர்மையும் ஒருசேர வளர்ந்தன.

V

இளைஞரை விளித்த சஞ்சிகை, இளைஞர் பேசாத மொழியில் எழுதப்பட்டது என்பதே அதன் அடிப்படை முரண்பாடு. 1917 சனவரியில், அமெரிக்காவில் கல்விகற்றுக்கொண்டிருந்த ஹூ ஷீ பேச்சுமொழியை இலக்கிய மொழியாக்க வேண்டுமென வாதிட்ட கட்டுரை வெளிவந்தது. அடுத்த மாதம் சென் துசியூ 'இலக்கியப் புரட்சி' என்ற முழக்கத்துடன் அதனை ஆதரித்தார். ஆயின் இக்கட்டுரைகளே செந்நடையில் அமைந்திருந்தன! கொள்கைக்கும் நடைமுறைக்குமிடையே இருந்த இவ்விடைவெளி 1918 அளவிலேயே குறையலாயிற்று. நான்காந் தொகுதியிலிருந்து பேச்சுமொழியும் புதிய நிறுத்தற் குறிகளும் மேலோங்கின. அத்தொகுதியின் மே இதழிலேயே 'பைத்தியக்காரனின் நாட்குறிப்பு' வெளிவந்தது. லூ சுன் என்ற புனைபெயர் முதன்முதலாகத் தோன்றியதும் அக்கதையிலேதான். கதையின் முன்னுரை செந்நடையிலும், நாட்குறிப்பு பேச்சுமொழியிலும் அமைந்துள்ளன. பழைய சமூகத்தை மனிதரைத் தின்னும் சமூகமாகக் காண்பவனின் குரல் பேச்சுமொழியில் ஒலிக்க, அவன் குணமடைந்து உத்தியோகந் தேடிச் சென்றுவிட்டான் என்ற செய்தி மட்டும் செந்நடையில் சொல்லப்படுகின்றது. சஞ்சிகையின் மொழிப் பிரச்சினை இங்கு கலைவடிவமாகவே மாறிவிடுகின்றது.

அச்சமைப்பின் எல்லைகளும் கவனத்திற்குரியன. மேலிருந்து கீழாக எழுதும் முறையைக் கைவிட்டு, இடமிருந்து வலமாகக் கிடைவரிகளில் அச்சிட வேண்டுமென மொழியறிஞர் சியான் சுவான்துங் தொடர்ந்து வாதிட்டார். சென்னும் இணங்கினார். எனினும் அச்சுச் செலவு முதலிய தடைகளால் அது நிறைவேறவில்லை. மொழிப் புரட்சியை ஏற்றுக்கொண்ட சஞ்சிகையால் அச்சுக்கோப்பவனின் தட்டை மாற்ற இயலவில்லை.

VI

இச்சஞ்சிகையின் பகுதிகளுள் மிகுந்த விளைவுகளை ஏற்படுத்தியது வாசகர் கடிதப் பகுதியாகும். முதலிதழிலிருந்தே அமைந்த இப்பகுதி, விவாத அரங்காக விரைவில் வளர்ந்தது. இரண்டாந் தொகுதியில் வாசகர் கட்டுரைகளுக்கும் தனியிடம் ஒதுக்கப்பட்டது. 1917 ஏப்ரலில் உடற்பயிற்சி பற்றிய கட்டுரையொன்றைப் புனைபெயரில் எழுதிய மாகாண மாணவன் ஒருவன் பின்னாளில் மாஓ சேதுங் என உலகறியப்பட்டான். 1918 ஏப்ரலில் தொடங்கிய 'தோன்றிய எண்ணங்கள்' என்ற சிறுகுறிப்புப் பகுதி, லூ சுன்னின் கூரிய கட்டுரை வடிவம் உருவாவதற்குக் களமமைத்தது. 1918 சூன் இதழ் முழுவதும் இப்சனுக்கென ஒதுக்கப்பட்டு, 'பொம்மை வீடு' மொழிபெயர்க்கப்பட்டது. ஒரு பொருளுக்கு ஓரிதழ் என்ற இம்முறையே பின்னர் மார்க்சியச் சிறப்பிதழுக்கும் வழிகாட்டிற்று.

இச்சாதனைகளுக்கிடையே இரு குறைபாடுகளை மறைத்தல் வரலாற்றுக்கு நீதியாகாது. முதலாவது, 1918 மார்ச்சு இதழில் வெளிவந்த ஒரு கடிதம். தம்மை எதிர்ப்பார் இலரே என வருந்திய ஆசிரியக் குழுவினருள் சியான் சுவான்துங், பழைமைவாதி ஒருவரின் பெயரைப் புனைந்து சஞ்சிகையைத் தாக்கி எழுத, லியூ பன்னுங் அதற்கு நீண்டதொரு மறுப்பை எழுதினார். விவாதம் சூடுபிடித்தது உண்மை. ஆயின் வாசகரின் நம்பிக்கையை மூலதனமாகக் கொண்ட ஒரு பகுதியில் பொய்வாசகர் ஒருவரைப் படைத்தல் முற்போக்கான நோக்கத்தினால் நியாயமாகிவிடுமா? ஹூ ஷீ அதனை அன்றே விரும்பவில்லை. இரண்டாவது, பெண்கள் பற்றியது. பெண்கள் பிரச்சினைக்கெனத் தொடங்கப்பட்ட பகுதி, போதிய பெண் எழுத்தாளரைப் பெறாது சில இதழ்களுடன் நின்றுபோயிற்று. கற்பொழுக்கம் பற்றி 1918 இல் ஹூ ஷீயும் லூ சுன்னும் எழுதியவை துணிச்சலானவை. ஆயினும் எழுதியோர் ஆடவரே. பெண் விடுதலை பேசிய சஞ்சிகையின் ஆசிரியக் குழுவில் ஒரு பெண்ணேனும் இருக்கவில்லை.

VII

1919 இல் சென், ஹூ ஷீ, லி தாசாவ், சியான் சுவான்துங், காவ் யிகான், ஷென் யின்மோ ஆகிய அறுவர் முறைவைத்து இதழ்களைத் தொகுத்தனர். அவ்வாண்டு சனவரியில் சனநாயகத்தையும் விஞ்ஞானத்தையும் சஞ்சிகையின் இரு கொள்கைகளாகச் சென் பிரகடனஞ் செய்தார். லி தாசாவின் முறையில் மார்க்சியச் சிறப்பிதழ் அமைந்தது. முறைவைத்துத் தொகுத்தல் கருத்து வேறுபாட்டைக் கட்டிக்காத்ததோர் ஏற்பாடு எனலாம். ஆயின் 1919 மே 4 ஆந் திகதி பீக்கிங் மாணவர் வீதியிலிறங்கிய பின்னர், வேறுபாடுகள் ஒரே அட்டைக்குள் அடங்க மறுத்தன. துண்டுப்பிரசுரம் வழங்கிய குற்றத்துக்காகச் சூன் மாதத்தில் கைதுசெய்யப்பட்ட சென், விடுதலையின் பின் 1920 இல் சங்காய் திரும்பினார்.

அங்கு வெளியான 1920 மே தினச் சிறப்பிதழ் வழமையான இதழினும் பன்மடங்கு பருத்தது. விலையை உயர்த்த வேண்டுமெனப் புத்தகசாலையார் கோர, வாங்கும் தொழிலாளர், மாணவரை மனத்திற்கொண்டு சென் மறுக்க, ஐந்தாண்டுக் கூட்டுறவு முறிந்தது. செப்டெம்பரில் சுயேச்சையாக வெளிவந்த எட்டாந் தொகுதியின் அட்டையில், பூமியுருண்டையின் மீது இரு கைகள் ஒன்றையொன்று பற்றிநின்றன. கார்ணெகியிலிருந்து இக்கைகள் வரை அட்டை கடந்த தூரமே ஒரு தலைமுறைச் சீனப் புத்திசீவிகள் கடந்த தூரமாகும். ஹூ ஷீயும் சிலரும் விலகிச்சென்றனர். 1921 இல் தோன்றிய கம்யூனிஸ்ட் கட்சியின் கருத்தேடாக மாறிய சஞ்சிகை, 1923 இல் காலாண்டிதழாகி, 1926 சூலையில் நின்றது. அது தெளிவைப் பெற்றது. எதிர்க்கருத்துடையோர் ஒரே பக்கத்தில் மோதிய களத்தை இழந்தது. இரண்டையும் ஒருங்கே கணக்கிற்கொள்வதே நேர்மையான மதிப்பீடாகும்.

VIII

'புதிய இளைஞர்' பெரும்பாலும் முப்பது வயது கடந்தோர் இளையோருக்காக நடத்திய சஞ்சிகை. அதன் உண்மையான வெற்றி, அதனை வாசித்தோர் தாமே சஞ்சிகை நடத்தத் தொடங்கியமையில் உள்ளது. 1919 சனவரியில் பீக்கிங் மாணவர் 'புதிய அலை'யைத் தொடங்கினர். சூலையில் சாங்ஷாவில் மாஓ தமது வார இதழை வெளியிட்டார். வாசகனை எழுத்தாளனாக்கும் வாயில் அடைபட்டிருக்கும் இளைஞர் சஞ்சிகை, உபதேசச் சஞ்சிகையாகவே முடியும்.

நமது நாட்டு அனுபவத்துடன் இதனை இணைத்து நோக்கலாம். 1946 இல் கே. கணேஷும் கே. இராமநாதனும் நடத்திய 'பாரதி', அதே ஆண்டில் யாழ்ப்பாணத்து மறுமலர்ச்சிச் சங்கத்தார் தொடங்கிய 'மறுமலர்ச்சி' ஆகிய இரண்டும் நீண்டகாலம் நிலைக்கவில்லை. அக்கணேஷே பின்னாளில் லூ சுன்னின் கதைகளைத் தமிழுக்குத் தந்தவர். லூ சுன்னின் கதைகளை நாம் பெற்றுக்கொண்டோம். அக்கதைகளுக்குக் களமமைத்த சஞ்சிகையின் உழைப்பையும் கணக்கையும் நாம் கற்றுக்கொள்ளவில்லை. திறமையின்மையால் மறைந்த நம் இதழ்கள் சிலவே. விநியோகம், செலவு, கூட்டுப்பொறுப்பு என்பனபற்றிய திட்டமின்மையால் மறைந்தவை பல. அவற்றின் வரலாற்றை எழுதப் புகுவோர், ஆக்கங்களின் பட்டியலுடன் அவற்றின் வரவுசெலவுக் குறிப்புகளையும் தேடித் தொகுப்பாராயின், நமது இலக்கிய வரலாற்றின் எழுதப்படாத பக்கமொன்று வெளிச்சத்துக்கு வரும்.