அசோக் குமார் மீது ஒரு வழக்கு

2012 மே மாதத்தில் விமியோ, டெய்லிமோஷன், பைரேட் பே போன்ற தளங்களைத் திறந்த இந்தியர்கள் பலருக்கு ஓர் அறிவிப்பு மட்டுமே கிடைத்தது. நீதிமன்ற உத்தரவாலோ தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவாலோ இந்தத் தளம் முடக்கப்பட்டிருக்கிறது என்பது அதன் சாரம். இரண்டில் எது, எந்த நீதிமன்றம், என்ன வழக்கு, யார் போட்டது என்ற விவரம் எதுவும் கிடையாது. தன் குறும்படத்தை விமியோவில் ஏற்றி வைத்திருந்தவர் அதைத் தானே பார்க்க முடியவில்லை. யாரிடம் போய்க் கேட்பது என்பதும் அவருக்குத் தெரியாது.

அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் திருட்டுப் பதிவிறக்கத்தைத் தடுக்கும் மசோதாக்களை எதிர்த்து ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் முழுக்க இருண்டது. மக்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தொலைபேசியில் அழைத்து நெருக்கினார்கள், மசோதாக்கள் கிடப்பில் போயின. இந்தியாவில் அப்படி ஒரு மசோதாவே தேவைப்படவில்லை. ஓர் இடைக்கால உத்தரவு போதுமானதாக இருந்தது. சட்டத்துறையில் அதற்கு ஜான் டோ ஆணை என்று பெயர். நம் நாட்டு வழக்கில் அசோக் குமார் ஆணை. தவறு செய்யப்போகிறவர் யாரென்று தெரியாதபோது, கற்பனைப் பெயர் ஒன்றைப் பிரதிவாதியாகப் போட்டு வாங்கும் தடை அது.

ஜான் டோ இங்கிலாந்துக்காரர். அங்கே நில வழக்குகளில் சட்ட வசதிக்காக நிறுத்தப்பட்ட, நிஜத்தில் இல்லாத கற்பனை வாதி. 1852-இல் சட்டம் போட்டு அந்த வழக்கத்தை ஒழித்தார்கள். ஆனால் பெயர் அமெரிக்காவில் வாழ்ந்தது. 1980-இல் பாடகர் பில்லி ஜோயல், மில்வாக்கி நகரக் கச்சேரிக்கு வெளியே தன் பெயர் பொறித்த டி-ஷர்ட்டுகளை அனுமதியின்றி விற்கப்போகிறவர்கள் மீது வழக்குப் போட்டார். அவர்கள் யாரென்று அவருக்குத் தெரியாது. நீதிமன்றம் பறிமுதலுக்கு அனுமதி கொடுத்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டி-ஷர்ட்டைப் பறிக்கும்போது விற்பவர் எதிரே நிற்கிறார். தன் பொருள் போகிறது, எந்த உத்தரவால் போகிறது என்று அவருக்குத் தெரியும். நீதிமன்றத்துக்கு வந்து சண்டை போடவும் அவரால் முடியும்.

இந்தியாவுக்கு இது கால்பந்தோடு வந்தது. 2002 உலகக் கோப்பையை ஒளிபரப்பும் உரிமை டென் ஸ்போர்ட்ஸ் சேனலிடம் இருந்தது. கேபிள் ஆபரேட்டர்கள் பலர் கட்டணம் கட்டாமலேயே வீடுகளுக்கு ஆட்டத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராகக் கண்டுபிடித்து வழக்குப் போடுவதற்குள் கோப்பையே முடிந்துவிடும். யாராவது சோதனைக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால் ஒயரைப் பிடுங்கினால் போதும், சாட்சியம் காலி. அந்த ஜூன் 14-ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றத்தில், பின்னாளில் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போன நீதிபதி தல்வீர் பண்டாரி, பெயர் தெரியாத ஆபரேட்டர்களுக்கும் சேர்த்துத் தடை விதித்து, நேரில் போய்ப் பார்த்துப் பதிவு செய்ய ஆணையர்களையும் நியமித்தார். நியாயமான உத்தரவு என்றே நான் நினைக்கிறேன். ஆணையர் கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்ததும் அசோக் குமாருக்கு முகமும் முகவரியும் கிடைத்துவிடுகின்றன.

சினிமாக்காரர்கள் கையில் இந்த ஆணை 2011 வாக்கில் வந்து சேர்ந்தது. ‘சிங்கம்’ இந்திப் படத்துக்காக வாங்கப்பட்ட உத்தரவைக் கொண்டு கோப்புப் பகிர்வுத் தளங்கள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு நம் ஊர். ‘கொலவெறி’ பாட்டால் ஊரெல்லாம் பேசப்பட்ட ‘3’ படம் மார்ச் 30-ஆம் தேதி வெளியாக இருந்தது. அதன் தயாரிப்பு நிறுவனம் ஆர்.கே. புரொடக்ஷன்ஸ், பி.எஸ்.என்.எல். உள்ளிட்ட இணையச் சேவை நிறுவனங்களைப் பிரதிவாதிகளாகச் சேர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. பயம் பொய்யல்ல. திருட்டு விசிடி காலத்திலிருந்து தமிழ் சினிமா பட்ட அடி கொஞ்சமல்ல. வட்டிக்கு வாங்கிப் படமெடுத்தவருக்கு முதல் மூன்று நாள் வசூல்தான் மூச்சு. விசிடி திருடர்களைக் குண்டர் சட்டத்தில் அடைக்க 2004-லேயே தமிழ்நாடு வழி செய்தது.

ஆனால் இணையத்துக்கு வந்தபோது ஆணையின் உள்ளே இருந்த ஒரு பொருள் கழன்று விழுந்தது. இங்கே யாரும் அசோக் குமாரைத் தேடிப் போவதில்லை. பட்டியல் நேராகச் சேவை நிறுவனத்துக்குப் போகிறது. ஒரு பக்கத்தை மட்டும் தேடி அடைப்பதைவிட முழுத் தளத்தின் பெயரையே தடைப்பட்டியலில் சேர்ப்பது அந்த நிறுவனத்துக்குச் சுலபம், வம்பும் இல்லை. அந்த மே மாதம் நடந்தது இதுதான்: ஒரு படத்தின் திருட்டுப் பிரதிக்காகப் போட்ட தடையில், தளத்தில் இருந்த மற்றவர்களின் படைப்புகள் அத்தனையும் சேர்ந்து அடைபட்டன. வழக்கில் அவர்கள் பெயர் இல்லை. நோட்டீசும் போகவில்லை.

எதிர்ப்பு கிளம்பியது. அனானிமஸ் என்ற ஹேக்கர் குழுவினர் உச்ச நீதிமன்றம், காங்கிரஸ் கட்சி ஆகியவற்றின் இணையதளங்களைத் தாக்கினார்கள். ஜூன் 9 அன்று பல நகரங்களில் இளைஞர்கள் முகமூடி அணிந்து தெருவில் நின்றார்கள். தளங்களைத் தாக்கியதை நான் ஆதரிக்கவில்லை. தெருவில் நின்றவர்களின் கேள்வி சரியான கேள்வி. சேவை நிறுவனங்களும் நீதிமன்றத்தை அணுகின. ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தன் உத்தரவைத் தெளிவுபடுத்தியது: படம் இருக்கும் குறிப்பிட்ட யூஆர்எல்-க்கு மட்டும்தான் தடை, முழுத் தளத்துக்கு அல்ல.

அது நல்ல வரையறை. நிலைக்கவில்லை. 2016-இல் ‘கபாலி’க்காக நூற்றுக்கணக்கான தளங்கள், 2018-இல் ‘2.0’வுக்காக 12,000-க்கும் மேற்பட்ட தளங்கள் என்று பட்டியல் வீங்கியது. இத்தனை தளங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தவர் யார் என்பதுதான் என் கேள்வி. ஒரு தளம் அடைபட்டால் தமிழ்ராக்கர்ஸ் போன்ற திருட்டுத் தளம் வேறு பெயரில் எழுந்து வந்தது. இதற்கு 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம் புது வழி கண்டது: திருட்டுக்காகவே நடக்கும் தளங்களை முழுதாக அடைக்கலாம், அவற்றின் நகல் தளங்களை இணைப் பதிவாளர் மூலம் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போகலாம். இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. இணையம் ஏறத்தாழ முழுக்க எச்டிடிபிஎஸ்-க்கு மாறிவிட்டது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது சேவை நிறுவனத்துக்குத் தெரியும், அதில் எந்தப் பக்கம் என்பது தெரியாது. 2012-இல் சென்னை விதித்த வரையறையை நிறைவேற்ற நினைத்தாலும் இன்று அந்த நிறுவனத்தால் முடியாது.

செய்யக்கூடியவை இருக்கின்றன, செய்தும் காட்டியிருக்கிறார்கள். 2016-இல் ‘டிஷூம்’ படத்துக்குத் தடை கேட்டு வந்தவர்களிடம் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல், ஒவ்வொரு இணைப்பையும் சரிபார்த்து உறுதிமொழிப் பத்திரம் கொடுங்கள் என்றார். அடைபட்ட பக்கத்தில் வழக்கு விவரமும், பாதிக்கப்பட்டவர் யாரை அணுகலாம் என்பதும் இருக்க வேண்டும் என்றார். 2019 டெல்லி வழக்கில் எதிர்த்தரப்பு வராததால் நீதிமன்றத்துக்கு உதவ ஒரு வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார். இவை எல்லாவற்றையும், படம் வெளியாவதற்கு முந்தின நாள் அவசர அவசரமாக வரும் ஒவ்வொரு மனுவிலும் கட்டாயமாக்க வேண்டும். தடைப்பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். தவறாக அடைபட்ட தளத்துக்கு, தடை வாங்கியவரே நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும்.