உவன் எந்த ஊர்ப் பொடியன்?

எங்கட பக்கத்தில் பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் சுற்றுப்போட்டி எண்டால் இந்தக் கேள்வி எப்படியும் ஒருக்கா வரும். அரையிறுதிக்குப் புதுசாய் ஒருத்தன் வந்து இறங்குவான். எதிர்ப்பக்கம் பதிவுத்தாளைக் கேட்கும். மட்ச் ஒரு மணித்தியாலம் பிந்தும். இதே கேள்வி சிறுவர் பேஸ்போலில் கிளம்பி, ஒரு வருடம் முழுக்க வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் வெளியே நிறுத்திய கதை ஒன்று இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

லிட்டில் லீக் என்பது 1939இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வில்லியம்ஸ்போர்ட் நகரில் கார்ல் ஸ்டொட்ஸ் என்பவர் தொடங்கிய அமைப்பு. அதன் உலகத் தொடரில் ஆடுபவர்கள் பன்னிரண்டு வயதையொட்டிய பிள்ளைகள். அங்கே தெரிவு அணி என்பதே பிழையில்லை, இதைக் கவனிக்க வேணும். ஒரு பகுதியின் லீக்கில் பல அணிகள் பருவம் முழுக்க மோதும். முடிவில் அவற்றிலிருந்து பொறுக்கிய நட்சத்திர அணி அடுத்த கட்டத்துக்குப் போகும். ஆனால் அந்தப் பகுதிக்கு எல்லைக்கோடு உண்டு. கெட்டிக்காரர் யாரும் வரலாம், கோட்டுக்குள்ளே இருந்து மட்டும்.

இனித் தாய்வான். 1968 ஓகஸ்டில், தாய்துங் மலைப்பகுதியைச் சேர்ந்த ஹொங்யே எனும் சின்னப் பாடசாலையின் அணி, ஜப்பானிலிருந்து வந்த அணியைத் தாய்பேயில் 7-0 என வென்றது. பொடியன்கள் புனுன் என்ற பூர்வகுடியினர். தடியும் கல்லும் வைத்துப் பழகியவர்கள் என்ற கதை நாடு முழுக்கப் பரவியது. தோற்றவர்கள் உலகச் சாம்பியன்கள் எண்டும் பரவியது, அது பொய். அதுவும் கன்சாய் பகுதியில் பொறுக்கிச் சேர்த்த ஒரு தெரிவணிதான். அடுத்த வருடம் வேறொன்றும் வெளியில் வந்தது: ஹொங்யேயில் பலர் வேறு பிள்ளைகளின் பெயரில் ஆடியிருந்தார்கள். அதிபர், பயிற்றுநர் உட்பட மூவரை நீதிமன்றம் குற்றவாளிகளாகக் கண்டது. எங்களுக்கு இதில் உறுத்துவது வயதுக்கணக்கு இல்லை. நாடே கொண்டாடிய அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தங்கட சொந்தப் பெயரில் அந்த வெற்றி கிடைக்கவில்லை.

1969இல் தாய்வான் முதல்தரம் வில்லியம்ஸ்போர்ட்டுக்குப் போனது. அணியின் பெயர் தாய்சுங் தங்க நாகங்கள். தாய்சுங் மேற்குக் கரையில் இருக்கும் நகரம். அணியோ தீவு முழுக்கத் தேடிச் சேர்த்தது. பின்னாளில் ஜப்பானின் சுனிச்சி ட்ராகன்ஸ் அணியில் பெயர்பெற்ற பந்தெறிஞர் குவோ யுவான்-சி அதில் ஆடினார். அவர் ஊர் தாய்துங், மலைக்கு மற்றப் பக்கம்! கலிபோர்னியாவின் சான்டா கிளாரா அணியை 5-0 என வென்று பட்டம் எடுத்தார்கள்.

அரசாங்கம் ஏன் கண்ணை மூடியது எண்டு விளங்குவது கஷ்டமில்லை. இராணுவச் சட்டத்தில் நாட்டை ஆண்ட கோமிந்தாங் கட்சிக்கு உலகில் நண்பர்கள் குறைந்துகொண்டே போனார்கள். 1971இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஆசனமும் போனது. சனம் நடுச்சாமத்தில் விழித்திருந்து தொலைக்காட்சியில் மட்ச் பார்த்தது. அதே 1971இல், வில்லியம்ஸ்போர்ட் மைதானத்துக்கு மேலால் தாய்வான் சுதந்திரம் கோரும் பதாகையோடு ஒரு விமானம் பறந்தது. கீழே ஆடியவர்களுக்குப் பன்னிரண்டு வயது.

1973இல் தாய்னான் அணி மூன்று ஆட்டங்களில் 18-0, 27-0, 12-0 என வென்றது. மூன்றிலும் எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கிடைக்கவில்லை. 1974இலும் பட்டம் தாய்வானுக்கே. அந்த வருடக் கடைசியில் லிட்டில் லீக் என்ன செய்தது தெரியுமா? எல்லைக்கோட்டை ஒழுங்காய்ச் சோதிப்பதற்குப் பதிலாக, பயணச் செலவையும் தேசியவெறியையும் காரணம் காட்டி வெளிநாட்டு அணிகள் அத்தனையையும் 1975 தொடரிலிருந்து விலக்கியது. ஜப்பான் பிள்ளைகள் என்ன பிழை விட்டார்கள்? அந்த வருடம் நான்கு அமெரிக்க அணிகள் தங்களுக்குள் ஆடி, நியூ ஜேர்சியின் லேக்வுட் 'உலக' சாம்பியன் ஆனது. சிரிப்புத்தான். 1976இல் தடை போனது, ஆனால் அமெரிக்க அணிகளுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என அட்டவணையைப் பிரித்தார்கள். இறுதியாட்டத்தில் அமெரிக்க அணி ஒன்று எப்படியும் நிற்கும். இதையும் நாங்கள் எல்லைமீறல் கணக்கில்தான் எழுதுவோம்.

எங்களுக்குள் ஒரு பகுதி, வறிய நாடு ஒன்று பொறுக்கி அனுப்பினால் என்ன எண்டு கேட்கிறது. மைதானம், பயிற்சி, சாப்பாடு எதிலுமே அமெரிக்கப் பிள்ளைக்குச் சமமில்லாதபோது கோட்டில் மட்டும் சமம் கேட்பது என்ன நியாயம்? கேள்வி சரி. ஆனாலும் நட்டப்பட்டது அமெரிக்கப் பிள்ளை மட்டுமா? தன் ஊர்ப் பெயரைச் சுமந்த அணியில் இடமில்லாமல் போன தாய்சுங் பொடியனை யாரும் கணக்கெடுக்கவில்லையே.

பிறகும் இது நிற்கவில்லை. 1992இல் பிலிப்பைன்ஸின் சம்போவாங்கா நகர அணியிடமிருந்து பட்டம் பறிபோனது. வீரர்கள் பலர் வெளியூர். 2014இல் அமெரிக்கச் சாம்பியனான சிக்காகோவின் ஜாக்கி ரொபின்சன் வெஸ்ட், கறுப்பினப் பிள்ளைகளின் அணி, அதற்கும் இதே கதி. எல்லை வரைபடத்தை மாற்றியது பெரியவர்கள்.

தாய்வானோ, விதிகள் இறுகியபோது 1997இல் தானே விலகியது. சில வருடங்களில் திரும்பி வந்தாலும் பட்டம் எட்டவில்லை. 2025இல்தான், தாய்பேயின் துங்யுவான் அணி நெவாடாவை வென்று எடுத்தது. கணக்கு 7-0. ஹொங்யே பொடியன்கள் 1968இல் வென்ற அதே கணக்கு.