அரைநாள் படகமர்த்தம்: சிங்கப்பூர்த் தென்தீவுக் கடலை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் வரையறையும்

உல்லாசப் படகொன்றை, அதை ஓட்டும் மாலுமிகளோடு சேர்த்துக் குறித்த நேரத்துக்கு வாடகை பேசி, தம் குடும்பத்தார் அல்லது நண்பர்கள் மட்டும் ஏறிச் சென்று திரும்பும் முறையை இக்கட்டுரையில் தனியமர்த்தம் என்று வழங்குவோம். வாடகைக்குப் பேசியவர் அமர்த்துவோர்; அவரோடு ஏறுகிறவர்கள் உடன்செல்வோர்; படகின் போக்குக்குப் பொறுப்பானவர் தலைவர். பேசிய நேரம் 4 மணி நேரமாக இருப்பின் அது அரைநாள் தனியமர்த்தம்.

இவ்வரையறையில் மூன்று உறுப்புகள் உள்ளன. முதலாவது தனிமை: பயணச்சீட்டு வாங்கி முன்பின் அறியாதவர்களோடு செல்லும் உலாப்படகிலிருந்து இது வேறுபடுவது இதனால்தான். இரண்டாவது ஆணை: எங்கே போவது என்பதில் அமர்த்துவோர் விருப்பம் சொல்லலாம், போகலாமா கூடாதா என்று முடிவுசெய்வது தலைவர். மூன்றாவது கால எல்லை: நேரம் துறையில் ஏறும்போது தொடங்கித் துறையில் இறங்கும்போது முடிகிறது. மூன்றில் முதலிரண்டையும் பலர் அறிந்திருக்கிறார்கள். மூன்றாவதன் விளைவு போதிய அளவு எண்ணிப் பார்க்கப்படவில்லை. அரைநாளை முழுநாளின் பாதி என்று கொள்வது பிழை என்பதும், அதற்கெனத் தனி அமைப்பும் தனி ஒழுங்கும் உண்டு என்பதுமே இங்கே நாம் நிறுவ முயலும் கருத்து.

2. ஒப்பந்த வகைகள்

கடல்சார் வணிகத்தில் கலத்தை அமர்த்தும் முறைகள் மூன்று. கலத்தை மட்டும் ஒப்படைத்து, ஆளும் பொறுப்பும் அமர்த்துவோருடையதே என விடுவது வெற்றமர்த்தம். உரிமையாளரின் மாலுமிகளே கலத்தை நடத்த, அதன் சேவையைக் குறித்த காலத்துக்குப் பெறுவது கால அமர்த்தம். ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்கான ஒரு பயணத்துக்கு மட்டும் பேசுவது பயண அமர்த்தம்.

சரக்குக் கப்பலுக்கு வகுத்த இப்பாகுபாடு சிறு படகுக்கும் பொருந்தும். அரைநாள் தனியமர்த்தம் தன் இயல்பில் கால அமர்த்தமே. வெற்றமர்த்தமாகப் படகைப் பெறுவதாயின், சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையம் ஏற்கும் ஓட்டுநர் தகுதி அமர்த்துவோர் தரப்பில் இருக்க வேண்டும். கால அமர்த்தத்தில் அத்தேவை இல்லை. ஆனால் அதற்கு ஈடாக ஒன்றை அமர்த்துவோர் ஏற்கிறார்: தலைவர் சொல்லே இறுதிச் சொல். விருந்தினர் என்ற மதிப்பு அவருக்கு உண்டு. ஆணை அவருக்கு இல்லை.

3. படகின் வகைகள்

வாடகைக்குக் கிடைக்கும் படகுகளை உடலும் உந்துவிசையும் கொண்டு மூன்றாக வகுக்கலாம்.

அ. ஓருடல் பாய்ப்படகு. நீருக்கடியில் கனமான ஏராவும் மேலே பாயும் உடையது. காற்று ஒருபுறம் தள்ளும்போது சாய்ந்தோடுவது இதன் இயல்பு.

ஆ. ஈருடல் படகு. இணையான இரண்டு உடல்களைப் பாலம்போல் ஒரு தளம் இணைக்கும். சாய்வு குறைவு, தளம் அகலம். முதியவரும் குழந்தைகளும் உள்ள கூட்டத்துக்கு ஏற்றது.

இ. விசைப்படகு. எஞ்சினின் ஆற்றலால் மட்டுமே செல்வது. வலிமை மிக்கதாயின் நீரைக் கிழிப்பதை விட்டு நீரின் மேலெழுந்து வழுக்கி ஓடும்.

இவற்றின் வேகத்துக்கு ஓர் இயற்கை வரம்பு உண்டு. நீரைக் கிழித்துச் செல்லும் படகு தானே ஓர் அலையை எழுப்புகிறது. அவ்வலையின் நீளம் படகின் நீர்மட்ட நீளத்தை எட்டியதும் அதைத் தாண்டிச் செல்ல மிகுந்த ஆற்றல் தேவைப்படுகிறது. நீர்மட்ட நீளம் 12 மீட்டர் கொண்ட படகுக்கு இவ்வரம்பு ஏறத்தாழ 8 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். மேலெழுந்து ஓடும் விசைப்படகு 20 நாட் வேகத்தையும் எட்டும். எரிபொருளும் அதற்கேற்பச் செலவாகும். இந்த வேகம் அரைநாளில் எவ்வளவு பயன்தரும் என்பதை ஐந்தாம் பகுதியில் கணக்கிடுவோம்.

4. களம்: தென்தீவுகள்

கருத்தை ஓர் உண்மைக் களத்தில் வைத்துச் சோதிப்பது நன்று. சிங்கப்பூரின் செந்தோசா கோவ் படகுத்துறையிலிருந்து லாசரஸ் தீவு ஏறத்தாழ 2 கடல் மைல் தொலைவில் உள்ளது. அதையொட்டிச் செயின்ட் ஜான்ஸ் தீவு, கூசு தீவு, சகோதரித் தீவுகள் ஆகியன சிதறிக் கிடக்கின்றன. அரைநாள் படகுகள் பெரும்பாலும் நாடுவது லாசரஸ் தீவின் வளைந்த மணற்கரையை. கடலைத் தூர்த்ததால் அத்தீவு செரிங்காட் தீவோடு ஒன்றாகி இருக்கிறது. செயின்ட் ஜான்ஸோடு அதை ஒரு தரைப்பாலம் இணைக்கிறது.

இத்தீவுகளுக்கு வரலாறும் சமயமும் உண்டு. 1819 சனவரியில் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸின் கப்பல்கள் சிங்கப்பூரில் இறங்குமுன் நங்கூரமிட்டது செயின்ட் ஜான்ஸ் தீவுக்கருகில். அதே தீவில் 1874இல் தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் அமைந்தது. தமிழகத் துறைகளிலிருந்து கப்பலின் மேல்தளத்தில் பயணம் செய்து வந்த தொழிலாளர்கள் பலர் நகர மண்ணை மிதிக்குமுன் இத்தீவில் நாள் கணக்கில் காத்திருந்தார்கள். கூசு தீவில் 1923இல் கட்டிய சீனக் கோயிலும் குன்றின் மேல் மலாய்க்காரர் போற்றும் கெராமாட் அடக்கத்தலங்களும் உள்ளன. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் அங்கே யாத்திரிகர் திரள்வர். சகோதரித் தீவுகளைச் சூழ்ந்த கடல் 2014இல் நாட்டின் முதல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. செயின்ட் ஜான்ஸ் தீவின் மேற்குப் பவளத்திட்டும் அதில் அடங்கும். இக்கடலில் மகிழ வருவோர் இத்தனை பேரின் பொது உடைமைக்குள் நுழைகிறார்கள் என்பதை நினைவில் இருத்துதல் தகும்.

5. காலத்தின் பகுப்பு

இனி மையக் கருத்துக்கு வருவோம். அமர்த்திய நேரத்தை இரண்டாகப் பகுக்கலாம். பயணத்தின் நீளம் எதுவாயினும் குறையாமல் செலவாகும் நேரம் கட்டுநேரம். அதுபோக, அமர்த்துவோர் தம் விருப்பப்படி நீந்தவும் உண்ணவும் ஓய்ந்திருக்கவும் எஞ்சும் நேரம் விடுநேரம்.

லாசரஸ் சென்று திரும்பும் பயணத்தின் கட்டுநேரத்தை ஒரு மாதிரிக் கணக்காக இடுவோம். ஏறுவதும் பாதுகாப்பு விளக்கமும் 20 நிமிடம். துறைக்குள் மெல்ல நகர 10 நிமிடமும், 6 நாட் வேகத்தில் 2 கடல் மைல் கடக்க 20 நிமிடமுமாகப் போக 30. நங்கூரம் பாய்ச்சிப் பிடிமானம் பார்க்க 10. நங்கூரம் தூக்க 10. திரும்ப 30. துறையில் கட்டி இறங்க 20. ஆக 120 நிமிடம். 4 மணி அமர்த்தத்தில் விடுநேரம் 2 மணி. 8 மணி அமர்த்தத்தில் 6 மணி. அமர்த்தம் பாதியாகும்போது விடுநேரம் மூன்றில் ஒரு பங்காகிறது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. முதலாவது, அரைநாளில் இரண்டு தீவுகளை நாடுவது தகாது. மற்றொரு நங்கூரமிடலும் தூக்கலும் இடைப்பயணமும் குறைந்தது 40 நிமிடம் கேட்கும். எஞ்சும் 80 நிமிடம் இரு துண்டுகளாகும். இரண்டாவது, வேகத்தால் கிடைக்கும் ஆதாயம் சிறிது. 20 நாட் வேகப் படகு 2 கடல் மைலை 6 நிமிடத்தில் கடக்கும். இரு வழிக்கும் சேர்த்து 28 நிமிடம் மிஞ்சும். ஏறுதல், இறங்குதல், நங்கூரம் ஆகியவற்றில் ஒரு நிமிடமும் குறையாது.

ஒரு விலக்கையும் குறிக்க வேண்டும். பாய்விரித்து ஓடுவதையே நோக்கமாகக் கொண்டவர்க்குப் போகும் நேரமே விடுநேரம். அவர்கள் நங்கூரமிடாமல் காற்றோடு சென்று காற்றோடு திரும்பலாம். ஆகவே அமர்த்தங்களை நோக்கத்தாலும் வகுக்க வேண்டும்: தீவருகே தங்குவதை நாடுவது தங்கலமர்த்தம், ஓடுவதை நாடுவது ஓட்டமர்த்தம். இரண்டையும் ஒரே அரைநாளில் நிறைவாகப் பெறுதல் அரிது.

6. இயற்கைக் காரணங்கள்

விடுநேரத்தின் நலனை மூன்று காரணங்கள் முடிவுசெய்கின்றன.

அ. ஓதம். இக்கடலில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு இறக்கமும் உண்டு. உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே ஏறத்தாழ 6 மணி 12 நிமிடம். நீர் சீராக ஏறி இறங்குவதில்லை. மாலுமிகள் கையாளும் பன்னிரண்டின் கூறு என்ற கணக்கின்படி, ஆறு மணியில் முறையே 1, 2, 3, 3, 2, 1 கூறுகள் நகரும். ஓத வீச்சு 2.4 மீட்டர் எனில், இடைப்பட்ட 4 மணியில் மட்டும் 10 கூறுகள், அதாவது 2 மீட்டர் நீர் ஏறவோ இறங்கவோ செய்யும். அரைநாள் சிறிதாயினும் ஓதத்தின் பெரும்பகுதி அதற்குள் நிகழ்ந்துவிடலாம்.

இதன் விளைவு நங்கூரத்தில் வெளிப்படுகிறது. ஆழம் 5 மீட்டர், அணியத்தின் (படகின் முன்பகுதியின்) உயரம் 1 மீட்டர் எனில், ஐந்து மடங்காகச் சங்கிலி 30 மீட்டர் விட வேண்டும். நீர் 2 மீட்டர் ஏறினால் அதே பிடிமானத்துக்கு 40 மீட்டர் வேண்டும். இறங்கும் ஓதத்தில் அச்சம் வேறு: அடியில் நீர் குறையும். நீரோட்டமும் ஓதத்தைச் சார்ந்ததே. 6 நாட் படகுக்கு 2 நாட் நீரோட்டம் எதிராயின் 2 கடல் மைலுக்கு 30 நிமிடம். துணையாயின் 15 நிமிடம்.

ஆ. காற்று. திசம்பர் முதல் மார்ச்சுத் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று; சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு. பாயோட்டம் விரும்புவோர்க்குச் சனவரி, பிப்ரவரி உகந்தவை. இடைப்பட்ட மாதங்களில் காற்று தளர்ந்து, பிற்பகலில் இடிமழை மிகும். தென்மேற்குக் காலத்திலும் இடைப்பருவங்களிலும் சுமத்திராப் புயற்காற்று எனப்படும் இடிமழை வரிசை விடியலுக்கு முன்னரோ காலையிலோ மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும். அதன் வீச்சு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். எனவே அக்காலத்துக் காலை அமர்த்தம் வானிலை அறிக்கையைப் பார்த்தே உறுதிப்பட வேண்டும்.

இ. போக்குவரத்து. சிங்கப்பூர் நீரிணை உலகில் கப்பல் நெரிசல் மிக்க வழிகளில் ஒன்று. மோதல் தவிர்ப்புக்கான 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகளின்படி, 20 மீட்டருக்குக் குறைந்த கலமும் பாய்க்கலமும் குறுகிய கால்வாயில் மட்டுமே செல்லக்கூடிய கப்பலுக்கு இடையூறு செய்யலாகாது. பாத்தாம் தீவு செல்லும் விரைவுப் படகுகளின் அலை நங்கூரமிட்ட படகையும் உலுக்கும். தலைவர் சில வேளை வழியில் காத்து நிற்பதன் காரணம் இப்போக்குவரத்தே.

7. பயணத்தின் கட்டங்கள்

பயணம் ஐந்து கட்டங்களாக அமைகிறது.

முதற்கட்டம் ஆயத்தம். குமட்டல் உண்டாகும் இயல்புடையோர் அதற்கான மருந்தை மருத்துவர் அறிவுரைப்படி ஏறுமுன் உட்கொள்ள வேண்டும். குமட்டல் தோன்றியபின் மருந்தின் பயன் குறைவு. உட்செவி உணரும் அசைவும் கண் காணும் அசைவின்மையும் முரண்படுவதே குமட்டலுக்குக் காரணம். ஆதலின் அறைக்குள் முடங்காமல் தளத்தில் அமர்ந்து தொடுவானை நோக்குவது நலம்.

இரண்டாம் கட்டம் ஏற்றம். காலணி கழற்றல், உயிர்காப்பு அங்கி இருக்கும் இடம் அறிதல், குழந்தைகளுக்கு அவர்தம் அளவில் அங்கி அணிவித்தல் ஆகியன இதில் அடங்கும்.

மூன்றாம் கட்டம் செல்லுதல். துறைவாய் கடக்கும்வரை அமர்ந்திருத்தலே முறை.

நான்காம் கட்டம் தங்கல். இதுவே விடுநேரம். நீந்துவோர் குதிக்குமுன் நீரோட்டத்தின் திசையைத் தலைவரிடம் கேட்டறிந்து, முதலில் ஓட்டத்துக்கு எதிராக நீந்த வேண்டும். களைத்தபின் ஓட்டமே படகுக்குக் கொண்டுசேர்க்கும். எஞ்சின் இயங்கும்போது அமரத்துப் (பின்பகுதிப்) படியருகே எவரும் நீரில் இருக்கலாகாது. உணவு கரையிலேயே சமைத்துக் கொணரப்படுவதும் நீந்தியபின் பரிமாறப்படுவதும் நன்று.

ஐந்தாம் கட்டம் மீட்சி. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் மாலை 7 மணியையொட்டியே கதிரவன் மறைகிறான். நிலநடுக்கோட்டுக்கு அருகில், 1 பாகை 15 கலை வடக்கில் இத்துறை இருப்பதே காரணம். ஆகவே 3 முதல் 7 வரையான அமர்த்தத்தில் மாலைக்காட்சி மீட்சிக் கட்டத்திலேயே அமையும். அதற்கெனக் காலத்தை நீட்டக் கேட்க வேண்டியதில்லை.

8. கடமைகள்

கடமைகள் மூவகைப்படும். தலைவரின் கடமை கலத்தையும் உயிர்களையும் காத்தல். வானிலை கெட்டால் மறுத்தல் அதன் முதற்கூறு. அமர்த்துவோரின் கடமை உண்மை உரைத்தல்: வருவோர் எத்தனை பேர், நீந்தத் தெரியாதோர் யார், நோயுற்றோர் யார் என்பதை முன்னமே சொல்ல வேண்டும். உரிமத்தில் குறித்த எண்ணிக்கையை மீறலாகாது; கைக்குழந்தையையும் ஓர் ஆளாக எண்ணுவதே பாதுகாப்பு.

மூன்றாவது, கடலுக்குச் செய்யும் கடமை. சிங்கப்பூர்க் கடலில் 250க்கும் மேற்பட்ட கற்பவள இனங்கள் பதிவாகியுள்ளன. கப்பல்களும் தூர்த்தலும் கலக்கிய நீரில், குறைந்த ஒளியில், அவை தாக்குப்பிடித்து வாழ்கின்றன. ஒரு நங்கூரச் சங்கிலி வட்டமிட்டு இழுபட்டால் பல்லாண்டு வளர்ந்த பவளம் ஒரு பிற்பகலில் நொறுங்கும். மணலடியில் மட்டும் நங்கூரமிடலும், மிதவை இருப்பின் அதில் கட்டலும், குப்பையனைத்தையும் கரைக்குக் கொண்டுவருதலும் இன்றியமையாதவை. ஆழமற்ற திட்டுக்கு மேல் நிறுத்தச் சொல்லித் தலைவரை வற்புறுத்தும் அமர்த்துவோர், அச்சேதத்தில் தாமும் பங்காளியாகிறார்.

9. முடிபு

மேற்கூறியவற்றால் அரைநாள் தனியமர்த்தத்தைத் திட்டமிடும் வரிசை தெளிவாகிறது. வழக்கத்தில் முதலில் படகைத் தேர்ந்து, பின் நாளைக் குறித்து, ஏறியபின் எங்கே செல்வதென எண்ணுகிறார்கள். காரணங்களின் வலிமையை நோக்கினால் இவ்வரிசை தலைகீழாக வேண்டும். முதலில் நோக்கம்: தங்கலா, ஓட்டமா. அடுத்துப் பருவமும் ஓதமும், அவற்றுக்கேற்ற வேளை. அதன்பின் ஒரே ஓர் இடம். இறுதியில் அந்நோக்கத்துக்கும் அக்கூட்டத்துக்கும் பொருந்தும் படகு.

பணம் பெருக்கக்கூடியது படகின் நீளத்தையும் விருந்தின் சிறப்பையும். கட்டுநேரத்தைப் பணத்தால் பெரிதும் குறைக்க இயலாது. ஓதத்தைச் சிறிதும் மாற்ற இயலாது. எனவே அரைநாளின் நிறைவு செலவிட்ட தொகையைவிட, முன்கூட்டி எண்ணிய எண்ணத்தையே சார்ந்துள்ளது. இரண்டு மணி விடுநேரத்தை இரண்டு மணியென்றே அறிந்து ஏறுவோர் அதை முழுமையாகப் பெறுகிறார்கள். நான்கு மணியென எண்ணி ஏறுவோர்க்கு அந்த இரண்டும் குறைவாகத் தோன்றும்.