சோழவரம் ஏரியில் விரால் பிடிக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

யூடியூபில் 'பாஸ் ஃபிஷிங்' வீடியோ பார்த்துட்டு, தூண்டிலோடு சோழவரம் பக்கம் வண்டியைத் திருப்புறவரா நீங்க? அந்த அமெரிக்க பாஸ் நம்ம ஏரியில் இல்லை, பாஸ்! அதோட இடத்தில் நமக்கு இருக்கிறது விரால். ரப்பர் தவளையைப் பாசி மேல இழுத்தா 'சளப்'னு பாயும். குழம்பில் போட்டா அதன் ருசியே தனி. தூண்டில்காரர், வலைக்காரர் ரெண்டு பேருக்குமே அது மேலதான் கண்ணு.

சோழவரம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. கோடையில் தண்ணி இறங்க இறங்க, மீன்களெல்லாம் மிச்சமிருக்கும் பள்ளங்களில் ஒதுங்கும். 2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டு கிடந்தது ஞாபகம் இருக்கும். கட்லாவும் ரோகுவும் மூச்சுத் திணறும் கலங்கல் தண்ணியிலும் விரால் தாக்குப்பிடிக்கும். காரணம், மேலே வந்து காற்றையே நேரடியா சுவாசிக்கும். ஆனா, அதுவே ஆபத்தும்கூட. தலை தூக்கினதுமே இடம் தெரிஞ்சுடுதே!

உண்மையான அடி விழுறது குஞ்சு பொரிக்கும்போது. மழைக்காலத்தில்தான் இது மும்முரம். செடிகளை ஒதுக்கி இடம் பண்ணி விரால் முட்டையிடும். முட்டைகள் பொன்னிறத்தில் மிதக்கும். பொரிஞ்ச குஞ்சுகள் செக்கச்செவேல்னு கூட்டமா மேலே வந்து போகும், கீழே பெற்ற மீன் காவல் நிற்கும். அப்போ கிட்ட எது வந்தாலும் பாய்ஞ்சு கடிக்கும். பசியில் இல்லை, விரட்டத்தான். அதனாலேயே அந்த நேரத்தில் அதைப் பிடிக்கிறது ரொம்ப சுலபம்.

'பிடிச்சுட்டு விட்டுடுவேனே'ன்னு சொல்றீங்களா? கூடு காக்கும் பாஸ் மீன்களை வெச்சு வெளிநாடுகளில் ஆய்வே பண்ணியிருக்காங்க. காவல் மீனைத் தூக்கின சில நிமிஷத்திலேயே மற்ற மீன்கள் முட்டை, குஞ்சுகளைத் தின்ன ஆரம்பிச்சுடுதாம். திரும்பி வர்ற மீனுக்குக் காக்க ஒண்ணும் மிஞ்சாமல் போகலாம். நம்ம ஏரியில் ஜிலேபியும் கெளுத்தியும் சும்மா இருக்குமா என்ன?

கட்லா, ரோகு தேங்கின தண்ணியில் முட்டையிடாது. குஞ்சு வாங்கி விட்டாத்தான் உண்டு. பிடிச்சது போக, மறுபடி விட்டுக்கலாம். ஏரி விரால் பெரும்பாலும் தானே பெருகணும்.

இது குடிநீர் ஏரி. அனுமதி கேட்காம தூண்டில் போடாதீங்க. சிவப்புக் குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டா, தூண்டிலைச் சுருட்டிக்கிட்டு நகர்ந்துடுங்க. சின்ன விராலை ஈரக் கையால் பிடிச்சு உடனே விட்டுடுங்க. வாளியில் போட்டா விளிம்பு வரை தண்ணி ஊத்தி மூடாதீங்க. மேலே காற்றுக்கு இடம் இல்லைன்னா, விரால் தண்ணிக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துடும்.