கான்கார்டிலிருந்து அம்பாத்துரை வரை: மனச்சாட்சியும் அரசும் பற்றிய ஒரு பாடத்தின் வரலாறு

அமெரிக்க இலக்கியத் தாளில் தோரோவின் முறை வந்ததும் பாடம் பழகிய தடத்தில் ஓடத் தொடங்கிவிடும். எமர்சனிடமிருந்து தோரோ, தோரோவிடமிருந்து காந்தி, காந்தியிடமிருந்து மார்ட்டின் லூதர் கிங். தேர்வில் எழுத வசதியான சங்கிலிதான். ஆனால் அதன் நடுக்கண்ணி இற்றுப்போனது. திண்டுக்கல் பக்கம் நடந்தவற்றை வைத்துப் பார்த்தால் அது தெளிவாகும்.

1846 ஜூலையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு ஊரில் தோரோ ஓர் இரவு சிறையில் இருந்தார். சில ஆண்டுகளாகத் தலைவரி கட்டாததே குற்றம். அடிமைமுறையைக் காக்கும், மெக்சிகோமீது படையெடுக்கும் அரசுக்குத் தன் காசு போகக்கூடாது என்பது அவர் கட்சி. வேறு யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாள் வெளியே வந்தார். 1848இல் இதை உரையாகப் பேசி 1849இல் அச்சிட்டபோது வைத்த தலைப்பு, சிவில் அரசாங்கத்துக்கு எதிர்ப்பு என்ற பொருள் தருவது. இன்று உலகறிந்த 'சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்' என்ற தலைப்பு அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1866ஆம் ஆண்டுத் தொகுப்பில்தான் வருகிறது.

வரி மறுப்பு என்றதும் நம் மாணவருக்கு விருப்பாச்சி கோபால் நாயக்கர் நினைவுக்கு வருவார். கும்பினிக்குக் கிஸ்தி தர மறுத்துப் பாளையக்காரர்களைத் திரட்டி, 1801இல் தூக்கிலிடப்பட்டவர். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பாளையக்காரர் மறுத்தது 'என் மண்ணில் நீ யார்?' என்று கேட்டு. தோரோ மறுத்தது தன் சொந்த அரசுக்கு, தன் மனச்சாட்சியின் பேரில். இந்த வேறுபாட்டை வகுப்பில் ஒரு மணி நேரம் பேசினால், எமர்சன் குழுவின் தத்துவத்தில் பாதி விளங்கிவிடும்.

இனி அந்த நடுக்கண்ணி. காந்தி தோரோவின் கட்டுரைச் சாரத்தை 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் வெளியிட்டது 1907இல். தென்னாப்பிரிக்கப் போராட்டமோ 1906லேயே தொடங்கிவிட்டது. சட்டமறுப்பை தோரோவிடமிருந்து பெற்றேன் என்பது தவறு என்று 1935இல் கோதண்ட ராவ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஆங்கில வாசகருக்குத் தம் போராட்டத்தை விளக்க 'சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்' என்ற சொல் உதவியது. பிறகு அதுவும் போதவில்லை. தோரோ முழு அகிம்சாவாதி அல்ல என்ற ஐயமும் அவருக்கு 1921லேயே இருந்தது. ஐயம் நியாயமானதே: அடிமைமுறையை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுனுக்காக 1859இல் தோரோ வாதாடினார். பாடத்தில் இந்தப் பக்கத்தைப் பலர் புரட்டாமலே தாண்டிவிடுகிறார்கள்.

அப்படியென்றால் மாசசூசெட்ஸுக்கும் திண்டுக்கல் சமவெளிக்கும் ஒட்டே இல்லையா? உண்டு, மிஷன் வழியாக. பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம் 1834இல் மதுரையில் கால்வைத்து, விரைவிலேயே திண்டுக்கல்லுக்கும் வந்தது. எமர்சனின் முதல் நூல் அச்சேறியது அதற்குப் பின், 1836இல். திருவிருந்துச் சடங்கை நடத்த மனம் ஒப்பாமல்தான் எமர்சன் போதகர் பணியை விட்டிருந்தார். இங்கு வந்து சேர்ந்ததோ தேவாலய வைதீகமே.

நூறாண்டு நெருங்கும் வேளையில் அதே மிஷனுக்குள்ளிருந்து ஒருவர் அரசோடு மோதினார். ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான் 1925இல் வந்த அமெரிக்கர். அரசுக்குக் கீழ்ப்படிவேன், அரசியலில் தலையிடேன் என்று உறுதி தந்த பிறகே மிஷனரிகள் பிரிட்டிஷ் இந்தியாவில் பணியாற்ற முடிந்த காலம் அது. 1930 மார்ச்சில் காந்தியின் கடிதத்தை வைஸ்ராயிடம் கொண்டுசேர்த்த ஆங்கிலேயர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸைக் கெய்த்தான் தம் வீட்டில் தங்கவைத்தார். விருந்தாளிக்குக் கதவு திறந்ததே குற்றமாயிற்று. நாட்டைவிட்டுப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்தவரை 1944இல் மறுபடி வெளியேற்றினார்கள். விடுதலையோடு மீண்டும் வந்து, காந்திகிராமப் பணிகளில் கலந்தார். தோரோவுக்கு ஓர் இரவுச் சிறை. இவருக்கு இரண்டு நாடுகடத்தல். கணக்குப் பார்ப்பது அழகல்லதான், ஆனாலும் பார்க்கத் தோன்றுகிறது.

டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்கும் அம்பாத்துரைக்கும் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியது 1947இல். 1956இல் அது கிராமியக் கல்வி நிறுவனம். 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். கிராமத்தில் இறங்கி வேலை செய்வதையும் கல்வியாகக் கொண்ட இடம். தோரோ தனியாளாக நின்று சொன்னது இங்கே கூட்டுப் பயிற்சியானது. மனச்சாட்சி தனக்குள் சாட்சி சொன்னால் மட்டும் போதாது, நாலு பேரோடு சேர்ந்து பழக வேண்டும் என்பது இந்த மாற்றத்தின் சாரம். தோரோவுக்கு இது பிடித்திருக்குமா என்பது சந்தேகம். கூட்டம் அவருக்கு ஆகாது.

1959 பிப்ரவரியில் கிங் காந்திகிராமத்துக்கு வந்தார். கல்லூரி நாளிலேயே தோரோவைப் படித்தவர்தான். ஆனால் அவர் தேடி வந்தது தோரோவை அல்ல, காந்தியின் வழியில் வாழ்ந்துகொண்டிருந்தவர்களை. ஆக, சங்கிலி என்று சொல்வதைவிட சந்தை கூடும் இடம் என்று சொல்லலாம். பல ஊர்ச் சரக்கு அங்கே கை மாறியது.

கெய்த்தானின் தன்வரலாறு 1973இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தோரோ பாடம் நடத்தும் நம் ஆசிரியர்கள் அதையும் வகுப்புக்கு எடுத்துச் செல்லட்டும்.