மூவர் சொல்லும் ஒருவர் சொல்லும்: 2012ஆம் ஆண்டுப் பெங்களூர் வதந்தி குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

வதந்தி வரலாற்றுக்குரிய சான்று அன்று என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. கல்வெட்டு, நாணயம், அரசு ஆவணம் ஆகியவற்றுக்கு அளிக்கப்பட்ட இடம் ஊர்ப்பேச்சுக்கு அளிக்கப்படவில்லை. 1789ஆம் ஆண்டுக் கோடையில் பிரான்சு நாட்டுச் சிற்றூர்களில் பரவிய கொள்ளையர் அச்சத்தை ஆராய்ந்து ஜார்ஜ் லெஃபெவ்ர் 1932இல் வெளியிட்ட நூலும், இந்திய உழவர் கிளர்ச்சிகள் குறித்து ரணஜித் குகா 1983இல் வெளியிட்ட நூலும் இந்நிலையை மாற்றின. வதந்தியின் பொருள் பொய்யாக இருக்கலாம். அது பரவிய வழியும் அதனை நம்பியோரின் வாழ்நிலையும் மெய்யானவை. ஆதலின் அவை ஆராயத்தக்கன என்பது இந்நூல்களால் பெறப்படும் உண்மையாகும்.

இந்நோக்கில், 2012 ஆகஸ்டுத் திங்களில் வடகிழக்கு மாநிலத்தார் பல்லாயிரவர் பெங்களூரை விட்டு வெளியேறிய நிகழ்வை இக்கட்டுரை ஆராய்கிறது. அரசு இதனைச் செய்தித் தொழில்நுட்பத்தின் தீங்காகவும் அயல்நாட்டின் சூழ்ச்சியாகவும் விளக்கியது. அவ்விளக்கம் முழுமையானதா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

தமிழ் மரபில் ஊர்ப்பேச்சு

பலர் வாயிற் பரவும் பேச்சைத் தமிழிலக்கண மரபு நுணுகி வகுத்துள்ளது. தொல்காப்பியம் அம்பல், அலர் என இரண்டினைச் சுட்டுகிறது. சொல்லாக வெளிப்படாது முகிழ்த்து நிற்பது அம்பல் என்றும், இன்னாரொடு இன்னார் எனப் பெயர் சுட்டி வெளிப்படப் பேசுவது அலர் என்றும் இறையனார் அகப்பொருள் உரை வேறுபடுத்துகிறது. இவ்வகைப்பாடு களவொழுக்கம் பற்றியது. எனினும், ஐயம் உருவற்ற முணுமுணுப்பாகத் தொடங்கிப் பெயரும் நாளும் பெற்ற செய்தியாக வளர்தல் எல்லா வதந்திகளுக்கும் பொதுவான இயல்பாகும்.

செய்தியின் மெய்ம்மையை அறியும் வழியைத் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் கூறுகிறது. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்தல் வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் கூற்றும் ஒத்திருப்பின் அதனைத் தெளியலாம் என்பது வள்ளுவர் கருத்து. இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது மூன்று என்னும் எண் அன்று. அம்மூவரும் ஒருவரையொருவர் அறியாதிருத்தல் என்னும் நிபந்தனையே ஆகும். அந்நிபந்தனை நீங்கின், மூவர் கூறினும் முந்நூற்றுவர் கூறினும் அஃது ஒருவர் சொல்லே. 2012ஆம் ஆண்டு நிகழ்வை விளங்கிக்கொள்ள இக்கருத்துத் துணைசெய்கிறது.

சென்னையின் முன்நிகழ்வுகள்

நகர் அஞ்சி வெறுமையாதல் கைப்பேசியோடு தோன்றியதன்று. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகப் பகுதியில் குண்டு வீசி, பர்மா எண்ணெய்க் குழுமத்தின் கொள்கலன்களை எரித்தது. தாக்குதல் சிறிது நேரமே நீடித்தது, கப்பலும் அகன்றது. ஆனால் அது மீண்டும் வரும் என்ற பேச்சால் மக்கள் பெருந்தொகையினராக நகரை விட்டு நீங்கினர். அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் கோகோசுத் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலொன்றால் எம்டன் வீழ்த்தப்பட்டது. அதன் பெயரோ தந்திரமிக்கவரைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல்லாகத் தமிழில் நிலைத்துவிட்டது. 1942 ஏப்ரலில் கொழும்பும் விசாகப்பட்டினமும் ஜப்பானிய விமானத் தாக்குதலுக்கு உள்ளானபோது, சென்னை மீண்டும் வெறிச்சோடியது.

இவ்விரு நிகழ்வுகளிலும் அச்சத்துக்குக் கண்ணால் கண்ட அடிப்படை ஒன்று இருந்தது. பகை இன்னதென்பதும் அறியப்பட்டிருந்தது. பெங்களூர் நிகழ்வு இவற்றினின்று வேறுபடுகிறது. அங்குத் தாக்குவோர் யாரெனத் தெரியவில்லை; தாக்குதலும் நிகழவில்லை.

2012 ஆகஸ்டு: நிகழ்வு

2012 சூலையில் அசாம் மாநிலத்தின் கோக்ராஜார் முதலிய போடோ நிலப்பகுதி மாவட்டங்களில் போடோ மக்களுக்கும் வங்கமொழி பேசும் முசுலிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து முகாம்களில் தங்கினர். அதற்கு முந்திய திங்களில் மியான்மரின் ரக்கைன் மாநிலத்திலும் வன்முறை நிகழ்ந்திருந்தது. இவற்றைக் கண்டித்து ஆகஸ்டு 11இல் மும்பை ஆசாத் திடலில் கூடிய கூட்டம் வன்முறையில் முடிந்தது, இருவர் உயிரிழந்தனர். புனே நகரில் வடகிழக்கு மாநிலத்தார் சிலர் தாக்கப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. இது அம்பல் நிலை எனலாம்.

அடுத்த சில நாட்களில் பேச்சு உருப்பெற்றது. ஆகஸ்டு 20ஆம் நாள் வரவிருந்த இரமலான் பெருநாளுக்குப் பின் தென்னக நகரங்களில் வாழும் வடகிழக்கு மாநிலத்தார் தாக்கப்படுவர் என்னும் குறுஞ்செய்திகள் கைப்பேசிகளில் பரவின. நாளும் இலக்கும் குறிக்கப்பட்டதால் அம்பல் அலராயிற்று.

ஆகஸ்டு 15ஆம் நாள் மாலை முதல் பெங்களூர் நகர இரயில் நிலையத்தில் கூட்டம் பெருகியது. அன்று ஒரு நாளில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் குவாகாத்தி நோக்கிப் புறப்பட்டனர். சிறப்பு இரயில்கள் இயக்கப்பட்டன. மூன்று நாட்களில் வெளியேறியோர் ஏறத்தாழ 30,000 பேர் எனச் செய்தித்தாள்கள் மதிப்பிட்டன. வதந்தி கூறிய பேரளவிலான தாக்குதல் எதுவும் நிகழவில்லை.

வெளியேறியோர் யாவர் என்பது கருதத்தக்கது. மாணவர் நீங்கலாக, அவர்களுட் பலர் காவலாளிகள், உணவக ஊழியர்கள், அழகு நிலையப் பணியாளர்கள், கட்டடத் தொழிலாளர்கள். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் வந்தது முதல் உலகின் மென்பொருள் நகரங்களுள் ஒன்றாக வளர்ந்த பெங்களூரில், நிறுவனங்களின் வாயில்களைக் காத்தோர் இவர்களே. நகரின் பாதுகாப்பு யாரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்ததோ அவர்களே தமக்குப் பாதுகாப்பில்லை எனக் கருதி நீங்கினர். கன்னடம் அறியாமை, உறவினர் இன்மை, அடிக்கடி மாறும் வாடகை அறை ஆகியன அவர்களுடைய வாழ்நிலை. ஐயம் எழுந்தால் கேட்டறிவதற்கு அவர்களுக்கு இருந்தவர், தம்மைப் போன்றே அஞ்சிய தம் நண்பரே.

இங்குதான் வள்ளுவர் கூறிய நிபந்தனை பொருந்தாமற் போகிறது. ஒரே குறுஞ்செய்தி அறைத்தோழரிடமிருந்தும், உடன் பணியாற்றுவோரிடமிருந்தும், ஊரிலுள்ள தாயிடமிருந்தும் வந்தது. பெற்றவர் அதனை மூவர் சாட்சியாகக் கொண்டார். உண்மையில் அஃது ஒரே மூலத்தின் மூன்று படிகள். அனுப்பியவர் ஒவ்வொருவரும் நன்கு அறிந்தவர், நலம் நாடுபவர். ஆதலால் செய்தியின் மூலம் அறியப்படாமலே அதன் நம்பகம் பெருகியது. வதந்திக்கு வலிமை தந்தது பகைவரின் சொல் அன்று, அன்பரின் சொல்லே.

அயல்நாடும் அரசும்

ஆகஸ்டு 17ஆம் நாள் பிரதமர் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் இது குறித்துக் கவலை தெரிவித்தார். அதே நாளில் மொத்தக் குறுஞ்செய்திகளுக்கு நாடு முழுவதும் 15 நாட்கள் தடை விதிக்கப்பட்டது. நாளொன்றுக்கு அனுப்பத்தக்க குறுஞ்செய்திகள் ஐந்து என வரையறுக்கப்பட்டன. சில நாட்களில் அவ்வெண் 20 ஆக உயர்த்தப்பட்டது. அசாம், மியான்மர் நிகழ்வுகள் எனப் பரப்பப்பட்ட படங்களுட் பல புயல், நிலநடுக்கம் ஆகியவற்றில் மாண்டோரின் உருமாற்றப்பட்ட படங்கள் என்றும், அவை பாகிஸ்தானிலிருந்து பதிவேற்றப்பட்டன என்றும் உள்துறைச் செயலர் ஆர்.கே. சிங் கூறினார். உள்துறை அமைச்சர் சுசில்குமார் சிண்டே இதனைப் பாகிஸ்தான் உள்துறை அமைச்சர் ரகுமான் மாலிக்கிடம் எடுத்துரைத்தார். பாகிஸ்தான் சான்று கோரியது.

படங்கள் போலியானவை என்பதில் ஐயமில்லை. மியான்மர் பற்றிய அத்தகைய படங்களின் பொய்ம்மையைப் பாகிஸ்தானின் ஆங்கில நாளிதழ் ஒன்றின் பக்கத்திலேயே ஓர் எழுத்தாளர் 2012 சூலையில் வெளிப்படுத்தியிருந்தார். ஆயினும் போலிப் படம் சினத்தைத் தூண்டும் கருவி. பெங்களூரில் நிகழ்ந்ததோ அச்சம். படத்தின் மூலத்தைக் கண்டறிந்தமை குறுஞ்செய்தியின் மூலத்தைக் கண்டறிந்தமை ஆகாது. இவ்விரண்டும் ஒன்றாக வைத்துப் பேசப்பட்டதால், உள்நாட்டு நகரொன்றில் ஒரு மக்கட்பிரிவினர் ஏன் இத்துணை எளிதில் அஞ்சினர் என்னும் வினா பின்தள்ளப்பட்டது.

ஆகஸ்டு 18 முதல் 21 வரை பிறப்பிக்கப்பட்ட ஆணைகளால் 300க்கும் மேற்பட்ட இணையப் பக்கங்களும் கணக்குகளும் முடக்கப்பட்டன. பெங்களூரில் இயங்கும் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி என்னும் ஆய்வமைப்பு அப்பட்டியலை ஆராய்ந்து, வதந்தியை மறுத்த பதிவுகளும் அதில் இடம்பெற்றிருந்தமையைச் சுட்டிக்காட்டியது. ஒற்றன் சொல்லைச் சரிபார்க்க வல்ல மற்றோர் ஒற்றனின் வாயும் அடைக்கப்பட்டது எனலாம்.

அச்சத்தைத் தணித்தவை வேறு வகை முயற்சிகள். கர்நாடக உள்துறை அமைச்சர் ஆர். அசோகா இரயில் நிலையத்துக்கே சென்று மக்களிடம் பேசினார். முசுலிம் அமைப்புகளின் தலைவர்கள் வடகிழக்கு மாநிலத்தாரை நேரிற் கண்டு உறுதியளித்தனர். அசாம் அரசு தன் அமைச்சர்களைப் பெங்களூருக்கு அனுப்பியது. இவர்கள் வெவ்வேறு திசையினர். குறுஞ்செய்திச் சங்கிலிக்கு வெளியே நின்றவர்கள். ஒருவரையொருவர் சாராத மூவர் என்னும் நிபந்தனை இங்கு நிறைவேறியது. அடுத்த சில வாரங்களில் வெளியேறியோருட் பலர் திரும்பினர்.

பெங்களூர்த் தமிழரின் பட்டறிவு

கருவியே காரணம் என்னும் விளக்கத்தைப் பெங்களூர்த் தமிழரின் வரலாறு மறுக்கிறது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை 1991 டிசம்பரில் அரசிதழில் வெளியிடப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட வன்முறையில் தமிழர் பல்லாயிரவர் பெங்களூரை விட்டு நீங்கினர். அந்நாளில் கைப்பேசி இல்லை. அவர்கள் அஞ்சியதற்கு மெய்யான தாக்குதல்கள் அடிப்படையாயின. 2016 செப்டம்பர் 12இல் காவிரிப் பூசல் மீண்டும் வெடித்தபோது கைப்பேசி எங்கும் இருந்தது. ஒரு மாநிலத்தில் நிகழ்ந்த தாக்குதலின் காட்சி மறு மாநிலத்தில் சினத்தைப் பெருக்கியது. பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டன. கருவி இல்லாத காலத்தும் அச்சம் இருந்தது. கருவி வந்தபின் அதன் வேகம் மிகுந்தது. இரண்டிலும் மாறாதிருப்பது, தன் மொழியால் அடையாளங்காணப்படும் குடியேறியின் நிலை.

2018 மே திங்களில், பிள்ளை பிடிப்போர் வந்துள்ளனர் என்னும் வாட்ஸ்அப் வதந்தியால் பெங்களூர் சாம்ராஜ்பேட்டையில் இராசத்தானைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். நாட்டின் பிற பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நிகழவே, அவ்வாண்டு சூலையில் அந்நிறுவனம் ஒரு செய்தியை ஒரு முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மட்டுமே முன்னனுப்ப இயலும் என இந்தியாவில் வரையறுத்தது. 2012இல் அரசு வகுத்ததும் ஐந்து. 2018இல் நிறுவனம் வகுத்ததும் ஐந்து. படிகளின் எண்ணிக்கையைக் குறைத்தல் பரவலைத் தாமதப்படுத்தும். ஆனால் சரிபார்க்க ஒருவர் இல்லாத குறையை அது நீக்காது.

2023 மார்ச்சுத் திங்களில் இவ்வரலாறு தமிழகத்துக்கே வந்தது. பீகார்த் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுகின்றனர் எனப் பொய்க் காட்சிகள் பரவின. திருப்பூர் முதலிய தொழில் நகரங்களில் அச்சம் தோன்றியது. பீகார் அரசு அலுவலர் குழுவை அனுப்பியது. தமிழகக் காவல்துறை இந்தியில் விளக்கமளித்து, உதவி எண்களை அறிவித்து, தொழிலாளர் தங்குமிடங்களுக்கே சென்று பேசியது. 1991இல் அஞ்சி வெளியேறியோரின் மொழியினர் இப்போது அஞ்சியோரை ஏற்றிருக்கும் நிலத்தாராக நின்றனர் என்பது சிந்திக்கத்தக்கது.

முடிவுரை

2012ஆம் ஆண்டுப் பெங்களூர் வதந்தியில் தொழில்நுட்பத்துக்கும் அயல்நாட்டு அரசியலுக்கும் பங்குண்டு. ஆனால் அவ்விரண்டும் விதைகளே. விளைநிலம் நகருக்குள் இருந்தது. நன்கறிந்தவர் வழி வந்த ஒரே சொல்லின் பல படிகள் பல சாட்சிகளாகத் தோன்றின. அவற்றைச் சரிபார்க்கத் தம் மொழியில் பேசும் வேறொரு குரல் குடியேறியோருக்குக் கிட்டவில்லை. அக்குரல்கள் நேரில் வந்தபோது அச்சம் தணிந்தது. செய்தியை நிறுத்தும் ஆற்றல் அரசுக்கு உண்டு. ஆனால் தெளிவு தருவதற்கு, வதந்தி எழுமுன்னரே ஏற்பட்டிருக்க வேண்டிய நம்பிக்கை தேவை. பிழைப்புக்காக வந்தவரின் மொழியில் அவரோடு பேச வல்லவர் ஒரு நகரில் எத்தனை பேர் உளர் என்பதே அந்நகரின் பாதுகாப்பை அளக்கும் கோலாகும்.