ஸ்டெப்னி: மாற்றுச் சக்கரத்தின் வரவும் விலகலும்

காருடன் ஐந்தாவது சக்கரம் ஒன்றையும் சேர்த்தே விற்பது கார் பிறந்த நாள் முதல் இருந்துவந்த வழக்கம் அன்று. காற்றடைத்த டயர் வந்து, அது அடிக்கடி பழுதாகி, அந்தப் பழுதின் சுமையை யார் ஏற்பது என்ற கேள்விக்குப் பல விடைகள் முயன்று பார்க்கப்பட்ட பின்னரே அவ்வழக்கம் நிலைபெற்றது. குதிரை வண்டிகளுக்கெனக் காற்றடைத்த சக்கர உறை ஒன்றுக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அது மறக்கப்பட்டுவிட, பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1888இல் மிதிவண்டிக்காக அதே கருத்தை மீண்டும் கண்டடைந்தார். பிரான்சின் மிஷலின் சகோதரர்கள் 1895இல் பாரிஸிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில் காற்றடைத்த டயர்கள் பூட்டிய காரை ஓட்டிக் காட்டினர். வழிநெடுகப் பஞ்சர் ஆகிக்கொண்டே சென்ற அந்தக் கார் பரிசு எதையும் பெறவில்லை எனினும், கட்டி ரப்பரும் இரும்புப் பட்டையும் பூட்டிய சக்கரங்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது என்பதை அது உணர்த்தியது.

அக்காலச் சாலைகள் காருக்காக அமைந்தவை அல்ல. குதிரைகளின் லாடங்களிலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் எங்கும் சிதறிக் கிடந்தன. டயரின் உட்பகுதியில் இருந்த நெய்த துணி, ஓட்டத்தின் சூட்டில் இழையோடு இழை உராய்ந்து விரைவில் நைந்துபோயிற்று. பஞ்சர் ஏற்பட்டால் சக்கரத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம் என்ற எண்ணத்திற்கே இடமிருக்கவில்லை. மரத்தாலான ஆரக்கால்களைக் கொண்ட சக்கரம் அச்சோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. எனவே சாலையோரத்தில் காரை நிறுத்தி, ரிம்மின் வளைந்த விளிம்புக்குள் கொக்கிபோல் மாட்டிக்கொண்டிருந்த டயரின் ஓரத்தை இரும்பு நெம்புகோல்களால் புரட்டி எடுத்து, உள்ளே இருந்த டியூபை உருவி, ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டி, மீண்டும் உள்ளே செலுத்திக் கைப்பம்பினால் காற்றடைக்க வேண்டியிருந்தது. இந்த உழைப்பு பெரும்பாலும் காரின் உரிமையாளரைச் சேரவில்லை என்பதையும் கருத வேண்டும். அன்று கார் வைத்திருந்தவர்கள் செல்வர்கள், சேற்றில் மண்டியிட்டவர் அவர்களிடம் கூலி பெற்ற ஓட்டுநர்.

இச்சிக்கலுக்கு வணிக அளவில் வெற்றிபெற்ற முதல் விடை, வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்ற சிறு தொழில் நகரத்தில் தோன்றியது. அங்கு ஸ்டெப்னி தெருவில் இரும்புச் சாமான் கடை நடத்திவந்த தாமஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்னும் சகோதரர்கள் 1904இல் உருவாக்கிய கருவிக்கு அத்தெருவின் பெயரே சூட்டப்பட்டது. அத்தெருவோ அவ்வூரின் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றின் பெயரைத் தாங்கியிருந்தது. ஸ்டெப்னி சக்கரம் இன்றைய பொருளில் மாற்றுச் சக்கரம் அன்று. குடமும் ஆரக்கால்களும் இல்லாத வெறும் வளையம் அது. அதன்மேல் காற்றடைத்த டயர் ஒன்று எப்போதும் ஆயத்தமாக இருக்கும். பஞ்சரான சக்கரத்தைத் தொடாமலே, அதன் வெளிப்புற விளிம்போடு இவ்வளையத்தைப் பற்றுக்கொக்கிகளால் இறுக்கிவிட்டால், காரின் எடை புதிய டயருக்கு மாறும். பழைய டயர் பக்கத்தில் சும்மா சுழன்றுகொண்டிருக்க, கார் வேகம் குறைத்து வீடு போய்ச் சேரும். கழற்ற முடியாத சக்கரம் என்ற தடையை எதிர்த்து நிற்காமல், அதை அப்படியே ஏற்றுக்கொண்டு அதன் பக்கத்தில் இன்னொன்றைக் கட்டிவிட்டதே இவ்வமைப்பின் சாமர்த்தியம். பிரித்தானியப் பேரரசின் வணிக வழிகளில் இச்சக்கரம் பரவியது. கருவி மறைந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னும் இந்தியாவிலும் வங்கதேசத்திலும் மால்டாவிலும் எல்லா வகை மாற்றுச் சக்கரங்களுக்கும் அப்பெயரே வழங்குகிறது.

சக்கரத்தைப் பகுதியாகவேனும் கழற்றும் முறையின் மதிப்பை உலகறியச் செய்தது 1906ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்சின் லெ மான் நகருக்கு அருகே நடந்த கிராண்ட் பிரீ பந்தயம். ஒரு சுற்று நூறு கிலோமீட்டருக்கும் அதிகமாக நீண்ட அப்பாதையில் வெயிலில் தார் உருகிக் கற்கள் பெயர்ந்தன. டயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழிந்தன. ஓட்டுநரும் உடன்செல்லும் மெக்கானிக்கும் தவிர வேறு எவரும் காரைத் தொடக்கூடாது என்பது விதி. மிஷலின் நிறுவனம் அளித்த கழற்றக்கூடிய ரிம், அதாவது டயரோடு சேர்த்து மரச் சக்கரத்திலிருந்து மரையாணிகளை அவிழ்த்து எடுத்துவிடக்கூடிய எஃகு வளையம், சில அணிகளிடம் மட்டுமே இருந்தது. அது இல்லாதவர்கள் கத்தியால் பழைய டயரை அறுத்தெடுத்துப் புதியதை ஏற்றக் கால் மணி நேரம் செலவிட்டபோது, இருந்தவர்கள் அதே வேலையைச் சில நிமிடங்களில் முடித்துக்கொண்டு கிளம்பினர். ரெனோ காரில் வென்ற ஹங்கேரியரான ஃபெரென்ஸ் சிஸின் வெற்றிக்கு எஞ்சினைவிட அந்த ரிம்மே பெரிய காரணம் என்று கருதுவதற்கு நியாயம் உண்டு.

அடுத்த சில ஆண்டுகளில் ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனத்தின் கம்பி ஆரச் சக்கரமும், சாங்கி நிறுவனத்தின் அழுத்தி உருவாக்கிய எஃகுச் சக்கரமும் முழுச் சக்கரத்தையே எளிதில் கழற்றி மாட்டும் வழியைத் திறந்துவிட்டன. அதனோடு ஸ்டெப்னி சக்கரத்தின் தேவை தேய்ந்தது. மாற்றம் எங்கும் ஒரே வேகத்தில் நிகழவில்லை. இலட்சக்கணக்கில் விற்ற ஃபோர்டு மாடல் டி காருக்குக் கழற்றக்கூடிய ரிம் 1919இல்தான் கிடைத்தது. பின்னர் மாற்றுச் சக்கரம் காரின் உடலில் இடம் தேடி அலைந்தது: முதலில் ஏறுபலகையின்மீதும் முன்சக்கரக் காப்புத் தகட்டின் பள்ளத்திலும், பிறகு காரின் பின்முதுகிலும், 1930களின் இறுதியிலிருந்து டிக்கிக்குள்ளும் அது அமர்ந்தது. பெண்களும் முதியோரும் துணையின்றிக் கார் ஓட்டத் தொடங்கிய காலத்தில் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் மாற்றுச் சக்கரமும் சேர்ந்த இத்தொகுதி ஒருவகை விடுதலையாகவே கருதப்பட்டிருக்க வேண்டும்.

அத்தொகுதியின் தேவையை உள்ளிருந்தே அரித்தது டயரின் சொந்த முன்னேற்றம். அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனம் 1940களின் பிற்பகுதியில் வெளியிட்ட டியூப்லெஸ் டயர், அடுத்த பத்தாண்டின் நடுப்பகுதிக்குள் அந்நாட்டுப் புதிய கார்களில் பொதுவழக்காயிற்று. டியூப் உள்ள டயரில் ஆணி குத்தினால் காற்று சட்டென வெளியேறிவிடும். டியூப்லெஸ் டயரிலோ உட்புற ரப்பர் படலம் ஆணியைச் சுற்றி இறுகிக்கொள்வதால் காற்று மெல்லக் கசிகிறது. ஆணியைப் பிடுங்கி, ஓட்டைக்குள் பசை தோய்ந்த ரப்பர் குச்சியைச் செருகிவிடும் வேலையைப் பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றாமலே முடித்துவிட முடிகிறது. எஃகுப் பட்டைகள் பதித்த ரேடியல் டயரும் மேம்பட்ட சாலைகளும் சேர்ந்தபோது, டிக்கியில் கிடக்கும் ஐந்தாவது சக்கரம் பல கார்களில் ஒருமுறைகூடத் தரையைத் தொடாமலே பழசாயிற்று.

பயன்படாத எடையின்மீது முதலில் கை வைத்தது இடநெருக்கடி. பிறகு எண்ணெய் நெருக்கடி. 1967இல் அமெரிக்க விளையாட்டுக் கார்கள் சிலவற்றுக்குக் காற்றிறக்கி மடித்து வைத்து, தேவைப்படும்போது வாயுக் குப்பியால் ஊதிக்கொள்ளும் மாற்று டயர் விருப்பத் தேர்வாக அளிக்கப்பட்டது. 1973இன் எண்ணெய் விலையேற்றத்திற்குப் பிறகு எரிபொருள் சிக்கனம் சட்டக் கடமையானதும், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாத ஒல்லியான தற்காலிகச் சக்கரம் பரவியது. இன்னொரு திசையில், காற்றே இல்லாமல் ஓடக்கூடிய ரன்ஃபிளாட் டயர் வளர்ந்தது. தடித்த பக்கச்சுவர்கள் காரின் எடையைத் தாங்கிக்கொள்வதால் பொதுவாக 80 கிலோமீட்டர் தொலைவு வரை மெல்ல ஓட்டிச் செல்லலாம். டன்லப் நிறுவனத்தின் டெனோவோ 1970களில் மினி காரின் ஒரு வகைக்குக் கிடைத்தது. 1997ஆம் ஆண்டின் கார்வெட் மாற்றுச் சக்கரமே இன்றி விற்பனைக்கு வந்தது. ஆனால் ரன்ஃபிளாட் விலை மிகுந்தது, பயணத்தைக் கடினமாக்குவது, காற்றின்றி ஓடியபின் பெரும்பாலும் தூக்கியெறியப்பட வேண்டியது. ஆகவே சாதாரணக் கார்களில் அது வேரூன்றவில்லை.

சாதாரணக் கார்களில் மாற்றுச் சக்கரத்தின் இடத்தைப் பிடித்தது ஒரு குப்பியும் ஒரு சிறு மின்பம்பும். குப்பியில் உள்ள திரவத்தில் ரப்பர் பால் துகள்கள் மிதக்கின்றன. பம்பு அதை வால்வு வழியே டயருக்குள் தள்ள, கார் சிறிது தூரம் ஓடும்போது திரவம் பரவி, கசியும் காற்றோடு ஓட்டைக்குள் சென்று உறைந்து அடைக்கிறது. தரையில் படும் பகுதியில் ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் வரையிலான ஓட்டைக்கே இது பயன்படும். பக்கச்சுவர் கிழிந்தாலோ, பள்ளத்தில் இறங்கி ரிம் நெளிந்தாலோ குப்பியால் ஆவது எதுவுமில்லை. திரவத்திற்குக் காலாவதித் தேதி உண்டு என்பதைப் பெரும்பாலான உரிமையாளர்கள் டிக்கியின் அடித்தட்டைத் தூக்கும் நாள் வரை அறிவதில்லை. ஒட்டிக் காய்ந்த பசையைச் சுரண்டி எடுத்தபின்பே வேலையைத் தொடங்க வேண்டியிருப்பதால், பஞ்சர் கடைக்காரர்களும் இதை விரும்புவதில்லை.

இந்தியாவில் இம்மாற்றத்திற்குச் சட்டம் வழிவிட்டது 2020இல். மைய மோட்டார் வாகன விதிகளில் அவ்வாண்டு செய்யப்பட்ட திருத்தம், 3.5 டன் எடைக்கு மேற்படாத பயணியர் கார்களில் டியூப்லெஸ் டயரும், பழுதுநீக்கும் தொகுதியும், டயரின் காற்றழுத்தம் குறைந்தால் ஓட்டுநரை எச்சரிக்கும் கருவியும் இருந்தால் மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை என்றது. மிச்சமாகும் இடத்தில் மின்கார்கள் பெரிய பேட்டரி வைத்துக்கொள்ளலாம் என்பது காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆணி குத்துவதை மட்டும் எண்ணினால் இவ்விதியில் குறை காண்பது கடினம். ஆனால் குழியும் கூர்ங்கல்லும் பக்கச்சுவரைப் பிளக்கும் சாலைகளில், மாற்றுச் சக்கரம் செய்துவந்த வேலை காணாமற்போகவில்லை. டிக்கியிலிருந்து இழுவை வண்டிக்கும், தொலைபேசி அழைப்புக்கும், உதவி வந்து சேரும் வரை காத்திருக்கும் உரிமையாளருக்கும் அது கைமாறியிருக்கிறது. இழுவை வண்டி அரை மணியில் வரும் மாநகரத்தானுக்கும் அது மறுநாள் வரும் மலைப்பாதைப் பயணிக்கும் ஒரே காரே விற்கப்படுகிறது. தனிச் செலவில் மாற்றுச் சக்கரம் வாங்கிவைக்க முனைவோர் உண்டு. எனினும் பல புதிய கார்களின் அடித்தட்டில் அதற்கான பள்ளமே வார்க்கப்படுவதில்லை என்பதால், வாங்கிய சக்கரத்தைப் பயணப் பெட்டிகளோடு சேர்த்துக் கட்டி வைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருப்பதில்லை.